பிள்ளைக்கு இடுக்கு வெந்து போனால்: டயப்பர் புண் வராமல் காக்கவும், வந்ததை ஆற்றவும்

போன சித்திரையில் கோட்டையூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த ஏழு மாதப் பிள்ளை, காலையிலிருந்து ஓயாத அழுகை. டயப்பரைப் பிரித்தால் பின்பக்கம் முழுக்கச் சிவந்து கிடந்தது. சிவப்பின் மேல் பவுடர், பவுடரின் மேல் தேங்காய் எண்ணெய், எண்ணெயின் மேல் ஏதோ ஒரு வெள்ளை க்ரீம். ஆயா ஒன்று, அப்பத்தா ஒன்று, அம்மா ஒன்று என்று மூன்று பேரும் ஆளுக்கொன்றாகப் பூசியிருந்தார்கள். மூவருக்கும் பிள்ளை மேல் உயிர். அந்த இடத்தைக் காய விடுவதை மட்டும் யாரும் செய்யவில்லை.

பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும் பெண்களுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டவும் துடைக்கவும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நான் போகும் வீடுகளில் சாமானுக்குக் குறைவே இருக்காது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசைதான் தவறும். கழுவு, காய விடு, பூசு, தளர்வாகக் கட்டு. இந்த நான்கும் இதே வரிசையில் நடந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாளில் தோல் தெளிந்துவிடும்.

1. பூசும் முன் வெளிச்சத்தில் பாருங்கள்

பிள்ளையை முற்றத்து ஓரமாகப் பகல் வெளிச்சத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். ட்யூப்லைட்டில் நிற வித்தியாசம் சரியாகத் தெரியாது. நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் அது பளிச்சென்ற சிவப்பாக இல்லாமல், பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ கருஞ்சிவப்பாகவோ இருக்கலாம். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் சூடாக இருக்கும்.

சாதாரண டயப்பர் புண் மேடான இடங்களில் வரும். பிட்டம், தொடையின் உள்பக்கம், அடிவயிறு, பிறப்புறுப்பைச் சுற்றிய இடம் எல்லாம் டயப்பர் நேராக ஒட்டி உரசும் பகுதிகள். தொடை இடுக்கின் மடிப்பை மெல்ல விரித்துப் பார்த்தால் உள்ளே தோல் நன்றாக இருக்கும்.

பூஞ்சை வேறு மாதிரி. மடிப்புக்கு உள்ளேயே அடர்ந்த சிவப்பு இருக்கும், ஓரம் கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரியும், அதைச் சுற்றித் தனித்தனியாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் சிதறியிருக்கும். பிள்ளையின் நாக்கிலோ கன்னத்தின் உள்பக்கத்திலோ துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படும். இதற்குப் பூஞ்சைக்கான மருந்து வேண்டும், கீழே சொல்லும் களிம்பு மட்டும் போதாது. முதலிலேயே பார்க்கச் சொல்வது இதற்குத்தான். தெரியாமல் ஒரு வாரம் களிம்பு பூசிக்கொண்டே இருந்தால் பூஞ்சை பரவிவிடும்.

எலாஸ்டிக் அழுத்தும் இடுப்பில், முதுகின் கீழே குண்டூசித் தலை அளவில் பொரிப்பொரியாக இருந்தால் அது வேர்க்குரு. டயப்பரைக் கழற்றிக் காற்றுப் படவிட்டாலே அடங்கும்.

2. புண் எப்படி வருகிறது என்று ஒரு முறை புரிந்துகொள்ளுங்கள்

சிறுநீரில் யூரியா இருக்கிறது. மலத்தில் உள்ள கிருமிகள் அதை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. தோலுக்கு இயல்பாக லேசான அமிலத் தன்மை உண்டு, அதுதான் அதற்குக் காப்பு. அம்மோனியா அதைக் கெடுக்கும். அந்த நிலையில் மலத்தோடு வரும் செரிமான நொதிகளுக்கு வேகம் கூடி, ஏற்கெனவே ஈரத்தில் ஊறிப் போன தோலை அரிக்கத் தொடங்கும். அதன் மேல் டயப்பரின் உரசல் வேறு.

ஆகவே மலமும் சிறுநீரும் சேர்ந்து கிடக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். வெறும் சிறுநீர் டயப்பருக்கு அரை மணி தாமதம் ஆனாலும் பெரிய கெடுதல் இல்லை. ஆய் போன டயப்பருக்குப் பத்து நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள். பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே போயிருந்தால், குடித்து முடித்த கையோடு மாற்றுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளின் மலம் கொஞ்சம் அமிலத் தன்மையோடு இருப்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. புட்டிப்பாலுக்கு மாறியதும், ஆறு மாதத்துக்கு மேல் சோறு பருப்பு தொடங்கியதும் அதிகமாகும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள்தான் பல பிள்ளைகளுக்கு முதல் முறையாக நன்றாகச் சிவக்கிறது. "இத்தனை நாள் ஒண்ணும் இல்லையே, இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு இதுதான் பதில்.

3. முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டியவை

டயப்பரைக் கழற்றிவிட்டுச் சாமான் தேடப் போனால், அவசரத்தில் கையில் கிடைத்ததைத்தான் பூசுவோம். எல்லாம் ஒரே கூடையில் இருக்கட்டும்.

முக்கியமானது துணி. பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ போதும். நம் பக்கத்துக் கண்டாங்கிச் சேலை புதிதாக இருக்கும்போது கொஞ்சம் முரடுதான். பல வருஷம் உடுத்தித் துவைத்து இளகியதை எடுங்கள். கரையை முழுவதுமாக வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தக் கனத்த நூல் புண்ணில் உரசினால் பிள்ளை துடித்துப் போகும். ஒரு முழ அளவில் இருபது துண்டாவது வேண்டும். கழுவிய பின் ஒற்ற, காய விடும்போது கீழே விரிக்க, வீட்டில் இருக்கும்போது கட்ட என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

அடுத்து, கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பிளாஸ்கில். ஊற்றுவதற்கு மூக்கு வைத்த சின்னக் குவளை. ஒரு கட்டுப் பஞ்சு. தனியாக ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய், அதன் வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

களிம்பு என்றால் ஜிங்க் ஆக்சைடு கலந்தது, அல்லது வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி. மெடிக்கல் ஷாப்பில் ட்யூப்பைத் திருப்பி, என்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். ஜிங்க் ஆக்சைடு 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை கிடைக்கும். நல்ல தோலைக் காக்கக் குறைந்தது போதும், சிவந்த பிறகு அதிகம் உள்ளது நல்லது.

பவுடர் டப்பா அந்தக் கூடையில் இருக்கக் கூடாது. ஈரத்தோடு சேர்ந்து மடிப்புக்குள் உருண்டையாகித் தோலை அராவும். அதைவிட, தட்டும்போது பறக்கும் தூளைப் பிள்ளை மூச்சில் இழுத்துவிடும். வேர்க்குருப் பவுடரை நினைத்தே பார்க்காதீர்கள். சிலவற்றில் போரிக் ஆசிட் இருக்கும். வெந்த தோல் வழியாக அது உடம்புக்குள் போனால் விஷம்.

4. எத்தனை முறை மாற்றுவது

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. "பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்" என்று டயப்பர் பாக்கெட்டில் போட்டிருப்பது கசியாமல் இருப்பதற்கான கணக்கு. தோல் அவ்வளவு நேரம் தாங்கும் என்று பொருள் இல்லை.

ராத்திரி தோல் நன்றாக இருந்து, சிறுநீர் மட்டும் போயிருந்தால் தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டாம். சிவந்திருக்கும் நாட்களில் மட்டும் நடு ராத்திரியில் பாலுக்கு எழும்போது ஒரு முறை மாற்றிவிடுங்கள். ஆய் போயிருந்தால் எந்த நேரமானாலும் சரி.

5. கழுவும் முறை

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். டயப்பரின் சுத்தமான முன்பக்கத்தாலேயே பெரிய அழுக்கை வழித்து எடுத்து, மடித்து ஒதுக்குங்கள். அப்புறம் பிள்ளையை இடது முன்கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து மெல்ல ஊற்றுங்கள். தேய்க்க வேண்டாம். தண்ணீர் ஓடினாலே முக்கால்வாசி போய்விடும், மீதியை நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம்.

பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால். மாற்றித் துடைத்தால் மலக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். ஆண் குழந்தைக்கு விதைப்பையைத் தூக்கி அடியில் பாருங்கள், அங்கேதான் விட்டுப் போகும். முன்தோலை வலிந்து பின்னால் தள்ளாதீர்கள்.

சோப்பு ஒவ்வொரு முறையும் வேண்டாம். குளிப்பாட்டும்போது ஒரு முறை, வாசனை இல்லாத மென்மையான சோப்பு போதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோப்புப் போட்டால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய், மறுநாள் இன்னும் சிவக்கும். கழுவும் தண்ணீரில் டெட்டால் போன்ற கிருமிநாசினியை ஊற்றுவதும் அப்படித்தான். அது பிள்ளையின் தோலுக்கு எரிச்சல்.

வெட் வைப்ஸ் வெளியே போகும்போது வசதிதான். ஆல்கஹாலும் வாசனையும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தோல் உரிந்திருக்கும்போது அதையும் விட்டுவிடுங்கள்.

6. காய விடுங்கள்

கற்றுக்கொள்ள வருபவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுவியவுடன் க்ரீமைப் பூசிவிடுகிறார்கள். அப்படிப் பூசினால் ஈரம் களிம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கும் அதே களிம்பு, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. தோல் அடியிலேயே ஊறும். சாயங்காலம் பார்த்தால் காலையில் இருந்ததைவிடச் சிவந்திருக்கும், "இந்த க்ரீம் ஒத்துக்கல" என்று வேறு க்ரீம் வாங்கப் போவார்கள்.

முதலில் பருத்தித் துணியால் ஒற்றுங்கள். அழுத்தித் துடைக்காமல், மை ஒற்றுவது போல ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் மடிப்புகள். தொடை இடுக்கை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துத் துணி முனையால் ஒற்றுங்கள். பிட்டத்துக்கு நடுவிலும் அப்படியே. விரலை வைத்தால் வழவழவென்று இழுக்காமல் உலர்ந்த தோலாகத் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு எதையும் கட்டாமல் அப்படியே விடுங்கள். நல்ல தோலுக்கு ஐந்து நிமிஷம் போதும். சிவந்த தோலுக்கு ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. இதற்கு நம் ஊர் வீட்டைப் போல வசதியான இடம் கிடையாது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் எந்நேரமும் காற்று இருக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சியாக இருக்கும். தரையில் ஒரு ரப்பர் ஷீட், அதன் மேல் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி, அதன் மேல் பிள்ளையைக் குப்புறப் போடுங்கள். அந்த நேரம் முழுக்க ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டால் உடனே மல்லாக்கத் திருப்புங்கள், குப்புறத் தூங்குவது கைக்குழந்தைக்கு ஆபத்து.

நேர் வெயிலில் காட்ட வேண்டாம். நிழலும் காற்றும் போதும். ஹேர் டிரையர் பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சூடு எவ்வளவு என்று நமக்குத் தெரிவதற்குள் பிள்ளையின் தோல் சுட்டுவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி கேட்டார்கள். "நாங்க ஏழு பிள்ளை வளத்தோம், ஒண்ணுக்கும் இப்படி வெந்ததில்லையே, ஏன் இந்தக் காலத்துல மட்டும்?" அவர்கள் சொன்னது உண்மைதான். "ஆமா ஆச்சி, நீங்க பிள்ளைய பகல் பூரா அரைஞாணோட மட்டும் விட்டு வச்சிருந்தீக. துணி நனைஞ்ச உடனே உருவிப் போட்டீக. காத்து பட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றேன். அன்று அந்த வீட்டில் யாருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது பிள்ளையை அப்படி விட்டால் அதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை. துணி கொஞ்சம் கூடுதலாகத் துவைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

7. களிம்பைக் கனமாகப் பூசுங்கள்

முகத்துக்கு க்ரீம் தடவுவது போல மெல்லியதாகத் தேய்த்து உள்ளே இறக்கப் பார்க்கிறார்கள். இது உள்ளே போக வேண்டிய மருந்து இல்லை. தோலுக்கும் மலத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய சுவர். இட்லித் தட்டில் எண்ணெய் தடவும் அளவு போதாது. ரொட்டியில் வெண்ணெய் பூசுவது போல, அடியில் உள்ள தோலின் நிறம் தெரியாத அளவுக்கு இருக்க வேண்டும்.

அடுத்த முறை மாற்றும்போது இன்னொரு தவறு நடக்கும். ஒட்டியிருக்கும் வெள்ளையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும் என்று நினைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில், ஆறத் தொடங்கிய மெல்லிய தோலும் சேர்ந்து வந்துவிடும். மேலே உள்ள அழுக்குப் படலத்தை மட்டும் எடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் சுத்தமான களிம்பு அப்படியே இருக்கட்டும். அதன் மேல் புதியதைப் பூசுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை, குளிப்பாட்டும் முன் முழுவதும் எடுத்தால் போதும். அதற்குத்தான் கூடையில் தேங்காய் எண்ணெய். பஞ்சை எண்ணெயில் நனைத்து வைத்தால் ஜிங்க் இளகித் தானாக வரும். தண்ணீருக்கு அது அசையாது.

சிவப்பு இல்லாத நாட்களிலும், ராத்திரிப் படுக்க வைக்கும் முன் ஒரு பூச்சு நல்லது.

8. கட்டும்போது தளர்வாக

இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரல் சுலபமாகப் போக வேண்டும். தொடையில் எலாஸ்டிக் தடம் பதிந்திருந்தால் அளவு சின்னது. பாக்கெட்டில் போட்ட எடைக்கு உள்ளேதான் இருக்கிறான் என்று பார்க்காதீர்கள், தடம் சொல்வதைக் கேளுங்கள். புண் இருக்கும் நாட்களில் ஒரு அளவு பெரியதே போடலாம், உள்ளே காற்று ஓடும்.

அரைஞாணைப் பலரும் கவனிப்பதில்லை. வெள்ளிக் கொடியோ கறுப்புக் கயிறோ, டயப்பர் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஒரே இடத்தில் அழுந்தி உரசும். கயிறாக இருந்தால் குளித்த ஈரம் காயாமல் அப்படியே இருக்கும். ஒரு பிள்ளைக்கு இடுப்பைச் சுற்றிக் கோடு போலப் புண், இரண்டு வாரம் என்னென்னவோ பூசிப் பார்த்திருக்கிறார்கள். அரைஞாணைப் பட்டைக்கு மேலே எடுத்துவிட்டதும் ஆறியது. புண் இருக்கும்போது கழற்றி வைக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கழற்ற மனமில்லை என்றால் மேலே ஏற்றி, தினமும் கயிறை உலர்த்துங்கள்.

துணியா டயப்பரா என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். நனைந்த உடனே மாற்ற ஆள் இருந்தால் துணி நல்லது. ஆள் இல்லாதபோது, நல்ல ஜெல் டயப்பர் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், நனைந்த துணியைவிடத் தோல் உலர்வாகவே இருக்கும். இரண்டிலும் சேராத ஒன்று, துணியைக் கட்டி அதன் மேல் பிளாஸ்டிக் ஜட்டி போடுவது. அது வேக வைக்கும் பாத்திரம் மாதிரி, வேண்டவே வேண்டாம்.

9. துணி துவைப்பது

நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணியில் வெள்ளைப் படிவாகத் தங்கிவிடும். காய்ந்த துணி அப்பளம் போல விறைத்து நின்றால் அதில் சோப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துணி நனைந்ததும் சோப்பு கரைந்து தோலில் எரியும்.

ஆகவே சோப்பைக் குறைத்துப் போட்டு, மூன்று தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் திரவங்கள் வேண்டாம். நல்ல வெயிலில் காயப் போடுங்கள், மடித்து வைக்கும் முன் கையால் நன்றாகக் கசக்கி இளக்குங்கள்.

10. புண் வந்துவிட்டால் முதல் மூன்று நாள்

முதல் நாள், ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய்ப் பஞ்சால் பழைய பூச்சை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய அகலமான பேசினில் ஐந்து நிமிஷம் பிள்ளையைப் பிடித்து உட்கார வையுங்கள். ஒற்றி, காய விட்டு, ஜிங்க் களிம்பு. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் டயப்பரே வேண்டாம், துணி விரித்து விடுங்கள். அன்றே நிறம் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அழுகை குறைந்து, கழுவும்போது காலை உதறாமல் இருந்தால் சரியான வழியில் போகிறோம் என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் அதே வரிசை. ஆறுவது மெதுவாக இருக்கிறதே என்று இன்னொரு க்ரீமைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். இரண்டையும் கலந்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் நாள் காலையில் மறுபடி முற்றத்து வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு மங்கி, ஓரத்திலிருந்து நல்ல தோல் வந்திருக்க வேண்டும். அப்படியே இருந்தாலோ, கூடியிருந்தாலோ, மடிப்புக்குள் இறங்கியிருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

11. பெரியவர்களுக்கான ட்யூப்பைத் தொடாதீர்கள்

இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். வீட்டில் யாருக்கோ படர்தாமரைக்கு வாங்கிய ட்யூப் அலமாரியில் இருக்கும். பிள்ளைக்குப் பூசினால் ஒரே நாளில் சிவப்பு மறையும். மறைவதற்குக் காரணம் அதில் உள்ள ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் என்ற பெயர்கள் ட்யூப்பில் இருந்தால் அதுதான். டயப்பருக்குள் மூடிக் கிடக்கும் இடத்தில், பிள்ளையின் மெல்லிய தோல் வழியாக அது பல மடங்கு உள்ளே போகும். தோல் தாள் போல மெலியும், உடம்பின் ஹார்மோன் சுரப்பே பாதிக்கப்படலாம். அடியில் பூஞ்சை இருந்தால் மேலே அடங்கியது போல் காட்டிவிட்டு, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

என் மூத்த பேரனுக்கே இது நடந்தது. நான் ஊரில் இல்லாத நாலு நாளில், கடையில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூப்பைப் பூசியிருந்தார்கள். நான் வந்து பார்த்தபோது தோல் பளபளவென்று மெலிந்திருந்தது. அது தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் ஆனாலும், மிதமான ஸ்டீராய்டு ஆனாலும், டாக்டர் பார்த்து, எத்தனை நாள் என்று சொன்ன பிறகே.

12. கைவைத்தியத்தில் எது சரி, எது வேண்டாம்

தேங்காய் எண்ணெய் நல்ல தோலுக்கு நல்லதுதான். ஆனால் வயிற்றுப்போக்கு இருக்கும்போது அந்த மெல்லிய பூச்சு மலத்தைத் தடுக்காது, அப்போது ஜிங்க்தான். மஞ்சள், வசம்பு, பயத்தம் மாவு எதுவும் வெந்த இடத்தில் வேண்டாம். எவ்வளவு நைசாக அரைத்தாலும் அது பொடிதான், உரசும். மஞ்சள் பூசினால் தோலின் உண்மையான நிறம் தெரியாமல், புண் கூடியதா குறைந்ததா என்றே சொல்ல முடியாது. சமையல் சோடா கரைத்த தண்ணீர் என்று இப்போது போனில் சொல்லித் தருகிறார்கள். அது புண் வழியாக உள்ளே போய் ரத்தத்தின் அமிலச் சமநிலையையே கெடுக்கக்கூடியது, வேண்டாம்.

பெரியவர்களிடம் "அதெல்லாம் தப்பு" என்று சொன்னால் மனம் நோகும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவதும் அவர்கள்தான். காய விடும் வேலையை அப்பத்தாவிடம் கொடுங்கள். அந்தப் பொறுமை அவர்களிடம்தான் இருக்கிறது.

13. வயிற்றுப்போக்கு நாட்களும் பிரயாணமும்

வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே, தோல் சிவக்கும் முன்னாலேயே, ஒவ்வொரு முறையும் கனமாகக் களிம்பு பூசத் தொடங்குங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கூடவே 14 நாள் வாய்வழியாக ஜிங்க் மருந்தும் கொடுப்பார்கள். இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நாளைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும்படி கொடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு வரும் புண்ணில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம், மடிப்பைக் கூர்ந்து பாருங்கள்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து காரைக்குடிக்குக் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே டயப்பரோடு வந்து இறங்குகிறார்கள். குறைந்தது இரண்டு முறை வழியில் மாற்றுங்கள், ஏறும் முன் ஒரு கனமான பூச்சு. வந்து இறங்கியதும் சொந்தபந்தம் கைமாற்றித் தூக்கும் முன், ஒரு கால் மணி டயப்பர் இல்லாமல் விடுங்கள். பிள்ளையார்பட்டியில் காது குத்து என்றால் பட்டுச் சட்டைக்கு அடியில் காலையிலிருந்து மாலை வரை அதே டயப்பர் கிடக்கும். யாராவது ஒருவர் மாற்றும் பொறுப்பை முன்னாலேயே ஏற்றுக்கொண்டால்தான் அன்று அது நடக்கும்.

14. உடனே டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

கொப்புளம், சீழ், ரத்தக் கசிவு, தேன் நிறப் பொருக்கு. புண்ணோடு காய்ச்சல். சிறுநீர் போகும் ஒவ்வொரு முறையும் வீறிட்டு அழுவது. டயப்பர் பகுதியைத் தாண்டி வயிறு, முதுகு என்று பரவுவது. இவற்றில் எது இருந்தாலும் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை என்றால் லேசான புண்ணுக்கே காட்டிவிடுங்கள்.

வாயைச் சுற்றியும், கை கால் விரல்களிலும் அதே மாதிரிப் புண் இருந்து, வயிற்றுப்போக்கும் விடாமல் இருந்தால் உடம்பில் ஜிங்க் சத்துக் குறைபாடு இருக்கலாம். அது அரிது, ஆனால் களிம்பில் ஆறாது.

போகும்போது பூசிய ட்யூப்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அன்று காலையில் மட்டும் எதையும் பூசாதீர்கள், டாக்டர் தோலைப் பார்க்க வேண்டும்.